குல்மர்குக்கு மூன்று பேர்

4 நவம்பர் 2024, திங்கள்

ஆபீசில் விடுமுறைப் பயணச் சலுகைக்கான எல்.டி.சி. படிவம் வாங்கி நிரப்பினேன். ஜனவரியில் காஷ்மீர், குல்மர்க், பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு. எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஊட்டியைத் தாண்டியவர் கிடையாது. நாங்கள் சறுக்கப் போகிறோமாம்.

உடன் வரும் குடும்பத்தினர்: ஜாய்ஸ், வயது பன்னிரண்டு. நிதின், வயது ஏழு. அடுத்த வரி அவருடையது. கிருபாகரன், கணவர் என்று எழுதவேண்டும். எழுதவில்லை. மறந்துபோச்சு என்று வேறு யாரிடமாவது சொல்லலாம். இங்கே எதற்குப் பொய்? அஞ்சு நாள் யார் கையும் எங்கள் மேல் விழக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

வீட்டில் நாலு பேருக்கும் போட்டிருப்பதாகச் சொல்லிவைத்தேன். கடைசி வாரத்தில் பழியை ஆபீஸ் மேல் போட்டுக்கொள்ளலாம்.

9 நவம்பர், சனி

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பக்கத்து மணல்மேட்டில் சறுக்கு ஒத்திகை. காலுக்கு ஒன்றாகத் தென்னை மட்டை. "முட்டிய மடக்கு, முன்னால பாரு" என்று ஜாய்ஸ் வீடியோவில் பார்த்ததைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தாள். நிதின் உருண்டு உருண்டு வந்தான். எத்தனை நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

அவர் வந்து நின்றதைப் பார்க்கவில்லை. "நாஸ்தா கூட இல்லாம நான் வூட்ல குந்திகினு கீறேன். இங்க இன்னா கூத்து?" நிதின் கால் மட்டையையே பிடுங்கி அவன் முதுகில் நாலு. நான் தள்ளினேன். வலை இழுக்கிற ஆட்கள் முன்னால் மணலில் விழுந்தார். அதற்கு வீட்டில் என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினார். மூன்று தரம். நிதின் முதுகில் வரிவரியாகத் தடித்திருக்கிறது. குப்புறப் படுத்துக்கொண்டு, "பனி சூடா இருக்குமாம்மா" என்கிறான்.

10 நவம்பர், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இந்த முகத்தோடு எங்கே போவது?

26 நவம்பர், செவ்வாய்

அனுமதி ஆணை வந்துவிட்டது. ஆபீஸ் கிளார்க் அம்சா அதன் நகலை வழக்கம்போல நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள். எல்லோருடையதையும்தான் ஒட்டுவாள். நான் கிழித்திருக்கவேண்டும். பயண டிக்கெட் எடுத்த சந்தோஷத்தில் இருந்துவிட்டேன் — மடச்சி.

29 நவம்பர், வெள்ளி. செங்கல்பட்டு, ஆஸ்பத்திரி

எழுதுகிற வலது கை தப்பியது. இடது மணிக்கட்டு போய்விட்டது.

எங்கள் ஆபீஸ் ஆட்களை ஏற்றிவரும் வேனைத்தான் அவர் ஓட்டுகிறார். நேற்று வண்டியில் ஜானகிராமன் சார் கேட்டிருக்கிறார்: "இன்னா கிருபா, மூணு பேரையும் காஷ்மீருக்கு அனுப்பிட்டு நீ மட்டும் இங்க இன்னா பண்ணப்போற?" போர்டில் படித்ததைக் கேட்டார், பாவம். வேனே சிரித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தான். என் இடது கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவை அடித்தான். திறந்தான். மறுபடி அடித்தான். ஜாய்ஸ் ஓடிவந்து குறுக்கே நின்றாள். அவளைத் தூக்கி எறிந்தான். நான் குக்கர் மூடியை எடுத்து அவன் நெற்றியில் போட்டேன். விழுந்தவனை இன்னும் இரண்டு போட்டேன். ரத்தத்தைப் பார்த்தபோது பயம் வரவில்லை. நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் அதையும் எழுதிவைக்கிறேன்.

டாக்டர் கேட்டதும் பழக்கதோஷம், "பாத்ரூம்ல வழுக்கி" என்று ஆரம்பித்தேன். "எங்கப்பா கதவுல வச்சு நசுக்கினாரு" என்றாள் ஜாய்ஸ். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

15 டிசம்பர், ஞாயிறு

ஜாமீனில் வந்து திருக்கழுக்குன்றத்தில் தன் அக்கா சந்திரம்மா வீட்டில் இருக்கிறான். அந்த அம்மா இன்று வந்தாள். "ஆம்பள கை நீட்டத்தான் செய்வான். அவன் நெத்தியில ஏழு தையல், நீ போட்டதுதான? கேஸ வாபஸ் வாங்கு. டூரும் வேணாம், ஒண்ணும் வேணாம்." காபி கொடுத்து அனுப்பினேன். வாபஸ் வாங்கமாட்டேன்.

டூர்? கட்டுப் போட்ட கையோடு பனியில் என்ன செய்வேன்? ரத்து செய்யும் படிவத்தில் 'காரணம்' வரை வந்து நின்றுவிட்டேன். நிதின் கேட்டான், "அங்க அப்பா வருவாராம்மா?" இல்லை என்றேன். "அப்ப போலாம்."

கிழித்துப் போட்டேன்.

8 ஜனவரி 2025, புதன். குல்மர்க்

இவ்வளவு வெள்ளையைக் கண் தாங்கவில்லை. ஜாய்ஸ் இரண்டாம் நாளே விழாமல் இறங்குகிறாள். நான் இடது கையைக் கழுத்தில் தூளிகட்டிக்கொண்டு கீழே நிற்கிறேன்.

நிதின் கையுறையைத் தொலைத்துவிட்டான். இது மூன்றாவது. கை நீலம் பூத்திருக்கிறது, இவன் இளித்துக்கொண்டு நிற்கிறான். "எங்கடா போட்ட, சனியனே" என்று வலது கையை ஓங்கினேன்.

சறுக்குக் கட்டையோடு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். சறுக்கு சொல்லித்தருகிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலேயிருந்து ஜாய்ஸ் நேராக இறங்கி வந்தாள். தம்பிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். அன்று அவள் அப்பாவுக்கு எதிரில் நின்ற அதே மாதிரி.

"அம்மா, வேணாம்."

கையைக் கோட்டுப் பைக்குள் போட்டேன். அவள் நகரவில்லை. நான் பத்தடி பின்னால் போன பிறகுதான் குனிந்து தம்பியைத் தூக்கினாள்.