குடிக்கு எதிரான குழாய்

6 ஜூன் 2004, ஞாயிறு
பைக்குக்குக் கீழே இன்றும் பச்சை நிறத்தில் ரேடியேட்டர் தண்ணீர். மச்சான் விமல்ராஜ் பிரான்சுக்குத் திரும்பும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போன ஜெர்மன் பைக். மூலக்குளத்தில் மெக்கானிக் அம்மாவாசையிடம் காட்டினேன். ரேடியேட்டரிலிருந்து சுடுதண்ணீரைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும் இரண்டு சின்ன ஓஸ். அதில் ஒன்று வெடித்திருக்கிறது.

“இந்த ஊரு வெயில்ல கார்புரேட்டருக்கு எதுக்கு சார் சுடுதண்ணி?” என்றான். இரண்டையும் எடுத்துவிட்டு முனைகளை அடைத்துவிடலாமாம். பிறகு ஏதாவது ஆனால் தன்னைக் கேட்கக் கூடாதாம். புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். புத்தகம் பிரெஞ்சில் இருக்கிறது.

8 ஜூன்
மாமனார் தெய்வசிகாமணி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கண்ணாடி போடாமலே படித்தார். அந்தக் குழாய்கள் ‘ஈவ்ரு’க்கு எதிரானவையாம். ஈவ்ரு என்றால் குடிபோதை. குடித்துவிட்டு எடுத்தால் வண்டி ஓடாது என்று அர்த்தம் சொன்னார். குடித்திருப்பது குழாய்க்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அதெல்லாம் நமக்கு எதுக்கு மாப்ளே? வெள்ளைக்காரன் சும்மாவா வெச்சிருப்பான்?”

காபி கொண்டுவந்த தேவிப்பிரியா, “அப்ப அதை எடுக்கவே கூடாது” என்றாள். என் மனைவி எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள்.

9 ஜூன்
அவளையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டு, வரும் வழியில் அவளைக் கீழே போட்டேன். முழங்கை பிசகியது. அதிலிருந்து என் பின்னால் அவள் உட்கார்வதில்லை, பள்ளிக்கூடத்துக்கு பஸ்தான். நான் அன்றோடு குடியை விட்டேன். நம்பத்தான் ஆளில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.

11 ஜூன்
பின்னால் உட்கார்ந்தாள்! தேங்காய்த்திட்டு வரை, மீன் வாங்க. வழி முழுக்கப் பேசவில்லை. நானும் பேசவில்லை — பேசினால் இறங்கிவிடுவாளோ என்று பயம்.

13 ஜூன், ஞாயிறு
விமல்ராஜ் போன் செய்தான். புத்தகத்தில் இருந்த அந்த வரியை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது. அது ஈவ்ரு இல்லை, ஜீவ்ரு. மாமனார் முதல் எழுத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார். ஜீவ்ரு என்றால் உறைபனி. குளிரில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்காமல் இருக்கத்தான் அந்தச் சுடுதண்ணீர்.

புதுச்சேரியில் ஐஸ் இருப்பது மீன் பெட்டிக்குள். கழற்ற வேண்டியதுதான். ஆனால் அவளிடம் என்ன சொல்வது?

14 ஜூன்
ஒழுகல் அதிகமாகிவிட்டது. அம்மாவாசை சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிவிட்டான். என்றைக்காவது பிய்த்துக்கொண்டு சுடுதண்ணீர் காலில் அடிக்கும் என்றான். யார் காலில்? பின்னால் உட்கார்ந்திருப்பவள் காலிலும்தானே.

கழற்றினால் இறங்கிவிடுவாள். கழற்றாவிட்டால் வெந்துபோவாள். கழற்றிவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம். அது குடிகாரன் புத்தி.

15 ஜூன்
ஒரு வருஷமா ஒரு சொட்டு தொடல. என்னை நம்பல, ரப்பர் குழாய நம்புறா. வயிறு எரியுது.

17 ஜூன்
சொல்லிவிட்டேன். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அது பனிக்கு வைத்த குழாய், குடிக்கு இல்லை, உங்கப்பா தப்பாகப் படித்துவிட்டார், கழற்றப்போகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“தெரியும்” என்றாள், தலை நிமிராமல்.

“தெரிஞ்சுமா ஏறின?”

“ஏறதுக்கு ஒரு சாக்கு வேணாமா? நீங்க ஒரு நாளாவது வான்னு கூப்புட்டீங்களா?”

கூப்பிடவில்லை. வரமாட்டாள் என்று நானே முடிவுகட்டி, ஒரு வருஷமாக அவளைத்தான் நொந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

19 ஜூன்
ஓஸ் இரண்டையும் எடுத்தாயிற்று. வண்டிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

21 ஜூன், திங்கள்
காலையில் வண்டியை வாசலில் நிறுத்தி, “வா, ஸ்கூல்ல உட்டுட்டுப் போறேன்” என்று கூப்பிட்டேன். பையை மாட்டிக்கொண்டு வந்தவள், ஏறுவதற்கு முன் என் முகத்துக்கு நேராக நின்றாள்.

“ஊதுங்க.”

ஊதினேன். ஏறினாள்.