இரண்டு நீலப் பைகள்

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நான் மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய் என்று அப்பாவும் ஓரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் பார். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன், நெஞ்சில் போட்ட தையல் ஆறிக்கொண்டு வருகிறது. ஊருக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தவளுக்கு ஒரு டாக்டர் தையல் போட்டிருக்கிறார், கண்ணாடியில் பார்த்தேன், குறை சொல்ல முடியாத வேலை, ஓரம்தான் கொஞ்சம் கோணல், போகட்டும். போனில் பேசும்போதெல்லாம் நீ அழுகிறாய், "லீவு கிடைக்கலைம்மா, ஏதாவது ஒண்ணுன்னா அடுத்த பிளைட்டைப் பிடிச்சு வந்துடுவேன்" என்கிறாய். அதற்கு என் பதிலைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் உன் அப்பா அடித்த கூத்தைக் கேள்.

என் கட்டிலுக்கடியில் இருந்த பை உனக்குத் தெரியும், அதைப் பற்றிச் சொன்ன அன்றுதானே "இந்தப் பேச்செடுத்தா போனை வெச்சுடுவேன்" என்று கத்தினாய். அடக்கத்தன்று எனக்கு உடுத்த வெள்ளைப் பட்டுப்புடவை, நானே தைத்த ரவிக்கை, நான் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு போட்டோ, பாடவேண்டிய பாட்டுகளை எழுதிய தாள், அவ்வளவுதான் அதில். அந்த நேரத்தில் யாரும் அலமாரியைக் குடைந்துகொண்டு நிற்கக்கூடாதே. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய பஸ்ஸைக் காலமெல்லாம் ஓட்டிய மனுஷன் இந்தப் பேச்சைத் தாங்கமாட்டார். ஆஸ்பத்திரிக்கு வேண்டிய உடுப்பை வேறொரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இரண்டும் சபை முகாமில் கொடுத்த அதே நீலப் பைகள். அவசரத்தில் அவர் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று நான் சொல்லவேண்டுமா?

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன்னால் நர்ஸ் துண்டு கேட்க, அப்பா பையைத் திறந்தார். புடவை வந்தது, ரவிக்கை வந்தது, போட்டோ வந்தது, கடைசியில் அந்தத் தாள், மேலே கொட்டை எழுத்தில் "அடக்க ஆராதனைக்கு" என்று நான் எழுதிவைத்தது. படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டியே, என்னை எங்கே வெச்சே?" என்று கேட்டார். அந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவர் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினேன், வேறென்ன செய்வேன்.

தள்ளுவண்டியில் போகும்போது எனக்குப் பயமே வரவில்லை மகளே. இத்தனை வருஷம் கைவிடாமல் நடத்தினவர் அந்தப் பக்கமும் நிற்கிறார், பிறகென்ன என்றுதான் இருந்தது. பாவங்களை அறிக்கை செய்தாயிற்று, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த உன் சின்ன அத்தையோடும் சமாதானம் ஆயிற்று, ஆயத்தமெல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். கதவு மூடும்போது பார்த்தால் உன் முகம் வந்து நிற்கிறது. ஆண்டவரே, உம்மிடம் வர எனக்கு ஒரு தடையும் இல்லை, பிள்ளையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டேன். கண் விழித்தபோது ஒரே வெளிச்சம், பக்கத்தில் யாரோ லொக்கு லொக்கென்று இருமுகிறார்கள். பரலோகத்தில் இருமல் இருக்காதே, அப்படியானால் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அத்தனை நாளும் ஆஸ்பத்திரி உடுப்பிலேயே கிடந்தேன், வீட்டுக்கு அனுப்புகிற அன்று உடுத்த ஒன்றுமில்லை, நான் கட்டிக்கொண்டு போனதை உன் சின்ன அத்தை துவைக்க எடுத்துப்போயிருந்தாள். அப்பா வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்றார். வேண்டாம், அதையே கொடுங்கள் என்று அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டேன். படுத்துக்கொண்டு போகத்தானே என்று ரவிக்கைக்குக் கொக்கியே வைக்காமல் முதுகைத் திறந்து விட்டிருந்தேன், பாவம் அந்த நர்ஸ் வார்டு முழுக்க ஊக்கு கேட்டு வாங்கிக் குத்திவிட்டாள். அப்பா பார்த்துவிட்டு "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். பொய்தான், இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது. இப்போது ரவிக்கைக்குக் கொக்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல அதையேதான் கட்டிக்கொண்டு போனேன். அடக்கத்துக்கு இருப்பதில் ஏதாவது ஒன்றை உடுத்துங்கள், புடவையைப் பார்த்தா ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொள்ளப்போகிறார்?

ஏதாவது ஒன்று என்றால் வருகிறேன் என்கிறாயே, அன்றைக்கு நீ வந்தால் நான் வீட்டில் இருக்கமாட்டேன் கண்ணே. எனக்கு ஒரு குறையும் இருக்காது, நீதான் பூட்டிய வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிற்பாய். அதனால் ஒன்றுமே இல்லாத ஒரு நாளில் வா. நீ தூங்கி எழுந்து, காபி சூடாக இல்லை என்று என்னைத் திட்டவேண்டும், அவ்வளவு போதும் எனக்கு.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உங்கள் இருவரையும் ஒரு மனதாக வைத்திருப்பாராக. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. லீவு கேட்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிக் கேள்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா