பத்து நிமிஷத் தூரம்

ராத்தா,

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் தார் வாசனை உள்ளே வந்தது. உங்கள் வீட்டுக் கூடம் இருந்த இடத்தில் தார் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். மருமகள் ஓடிவந்து, "என்ன அத்தே, அப்படியே மரமாட்டம் நின்னுட்டீங்க?" என்று அடுப்பை அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் போகிற வாசனையா அது?

தெருவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரமே, அக்காள் முறைக்கு உங்கள் வீடுகளில் சொல்கிற ராத்தாவே என் வாயிலும் வந்துவிட்டது. நாலுவழிச் சாலைக்குப் போட்ட கோடு சரியாக நம் தெரு நடுவில் வந்து நின்றது. உங்கள் வரிசை முழுக்கப் போயிற்று. என் வரிசையில் ஒரு ஓடுகூட உடையவில்லை.

அந்த வீடு உங்கள் உம்மா உங்களுக்குக் கொடுத்தது. அவருக்கு அவருடைய உம்மா கொடுத்தது. உங்கள் வழக்கத்தில் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். அம்பகரத்தூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நான் அழுத நாட்களில் நீங்கள் சிரிப்பீர்கள். "எங்க வீட்டுல முழிக்கிறதெல்லாம் மாப்பிள்ளதான் அமுதா. புது எடம் பாரு, பாவம்!" உங்கள் மகள் பர்வீனுக்கென்று மாடியில் அறை எடுத்து, கதவுக்குப் பச்சை பெயின்ட்கூட அடித்துவைத்திருந்தீர்கள். அடுத்த மாதமே சாலைக்காரர்கள் வாசல் சுவரில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள்.

நேராக என்னிடம்தான் வந்தீர்கள். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள், தெருவில் மனு என்றால் நான்தானே! "பர்வீனுக்கு என்னாத்தடி குடுப்பேன்?" என்று கேட்டீர்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று பக்கத்துக்கு எழுதினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. நம்மூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டல்லவா, காரைக்காலில் ஒன்றும் நடக்காது, எதுவானாலும் புதுச்சேரிக்குப் போனால்தான் ஆகும் என்று? இடமாற்றம், பதவி உயர்வு, பென்ஷன் எல்லாவற்றுக்கும் அங்கே பஸ் ஏறியே தேய்ந்த உடம்பு என்னுடையது. வேன் பேசியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், நிலம் எடுக்கும் நோட்டீஸ் வந்த பேப்பரும் மனுவின் ஜெராக்ஸ் ஒன்றுமாக வந்து நின்றீர்கள்.

"ஆட்சேபணைய எங்க குடுக்கணும்னு கீழ பொடி எழுத்துல நம்மூரு ஆபீஸ் பேருதான் போட்ருக்கு அமுதா. பத்து நிமிஷம் நடந்தா வந்துடும். இங்கயும் ஒண்ணு குடுத்து வப்போமே?"

"இவங்க வாங்கி என்ன பண்ணுவாங்க ராத்தா? அங்கதான் அனுப்புவாங்க. நாம நேராவே பெரிய எடத்துல குடுத்துடுவோம். எனக்குத் தெரியாதா?"

அந்தப் பொடி எழுத்தை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் வாயை அடைப்பதற்காக நகலை வாங்கிக் கைப்பையில் போட்டேன். மறுநாள் விடிகாலையில் வேன் அந்த அலுவலகத்தின் பூட்டிய கேட்டைத் தாண்டித்தான் போனது. நீங்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். நான் புளிசாதப் பொட்டலங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரியில் மனுவை வாங்கிச் சீல் அடித்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது வேன் முழுக்க என் புகழ்தான். ஆட்சேபணை கொடுக்க நோட்டீஸில் போட்டிருந்த கெடு முடிந்து ஒரு வாரம் கழித்து, "உரிய நடவடிக்கைக்காக" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு அதே மனு காரைக்காலுக்கே வந்து சேர்ந்தது. அந்த வரியை ஆயுசு முழுக்க எழுதியவள் நான். விசாரிக்கப் போனபோது நம்மூர் அலுவலகத்தில் இருந்தவர் என்மேல் கோபப்படக்கூட இல்லை. "இங்க குடுக்க வேண்டியதும்மா. உங்க தெருவுலேர்ந்து ஒரு ஆட்சேபணையும் வரலன்னு எழுதி அனுப்பிட்டோமே" என்றார். பின்தெருவிலிருந்து நாலு பேர் நடந்தே போய்க் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, அவர்கள் வீடுகளை விட்டுக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போடக்கூடிய கோடுதான் அது, ராத்தா.

உங்களிடம் வந்து என்ன சொன்னேன்? "புதுச்சேரியில தள்ளிட்டாங்க" என்றேன். என் தலையைத் தடவிக்கொடுத்தீர்கள். "நீ என்னா பண்ணுவே, அல்லா நாட்டம்" என்றீர்கள். அல்லாவை ஏன் இழுக்க வேண்டும்? என் திமிர். யானைக்கும் அடி சறுக்கும் என்று என் மகன் ஆறுதல் சொல்கிறான். சறுக்கியது நான், விழுந்தது உங்கள் வீடல்லவா?

கல்யாணம் முடிந்ததும் பர்வீன் பெட்டியோடு நாகூருக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். உங்கள் வீட்டில் அப்படிப் போன முதல் பெண். வேறு வழியில்லாமல் நீங்களும் கூடப் போனீர்கள். "சம்பந்தி வூட்டுச் சோறு தொண்டையில எறங்கல அமுதா" என்று ஃபோனில் சொன்னீர்கள். அடுத்த மழைக்கு முன்னால் போய்ச்சேர்ந்துவிட்டீர்கள். ஊருக்குக் கொண்டுவந்து கிடத்த உங்களுக்கென்று ஒரு வாசல் இல்லையே என்று அங்கேயே அடக்கினார்கள்.

போன வாரம் பர்வீன் வந்திருந்தாள். ஜல்லிமேட்டின் ஓரம் நின்று, "இங்கதானே மாமி மாடிப்படி?" என்று காலால் தொட்டுக் காட்டினாள். அப்புறம் சொன்னாள்: "உம்மா கடசி வரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசுனாங்க. அமுதா மாதிரி யாரும் நமக்காக அலையலன்னு." அப்போதாவது சொல்லியிருக்கலாம். "காப்பி போடவா?" என்று கேட்டேன்.

அந்த நகல் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையது, கோணல்மாணலாக. கிழிக்கவும் முடியவில்லை, வீட்டில் வைக்கவும் பயம், யார் கண்ணிலாவது பட்டுவிடுமே. மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதைத் தூக்கிக்கொண்டே போகிறேன். நேற்று அந்த அலுவலகம் வரை நடந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன கணக்கு தப்பு, ராத்தா. இந்த முட்டிவலியோடு ஊன்றி ஊன்றி நடந்தும் ஏழு நிமிஷம்தான் ஆனது.