தொலைந்த சிறுகோளின் முதல் தாள்

1946 அக்டோபர் 3, வியாழன். துர்க்கு வானாய்வகம்.

காலையிலிருந்து மழை. பேராசிரியர் ஹார்யன்னே ஈரக் குடையோடு நேரே என் மேசைக்கு வந்தார். முந்தாநாள் இரவு வானத்தைப் பிடித்த இரண்டு படத்தகடுகளுக்கும் நடுவே ஒரு புள்ளி நகர்ந்திருக்கிறதாம். அது ஊர்கிற வேகத்தைப் பார்த்தால் சிறுகோள் கூட்டத்தின் வெளியோரத்தில் இருப்பது.

"முப்பத்தெட்டுல பிடிச்சு நாப்பதுல தொலைச்சோமே, அதுதானோ? பழைய கணக்கை எடுத்துப் பாருங்க, ஹெல்வி."

பழைய கணக்கு என்றால் ஐலியின் கணக்கு. அவள் சொன்ன இடத்தில் அது இல்லை. அதற்காக அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். எட்டு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவள். அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 5, சனி

இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஐலியின் கணக்கில் பிழையே இல்லை. அப்படியானால் பிழை எங்கே?

அக்டோபர் 7, திங்கள்

முதல் தாளில்.

சூரியனின் இடத்துக்கான எண்களை அச்சு அட்டவணையிலிருந்து எடுத்தெழுதிய தாள். மூன்றாம் வரியில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. என் கையெழுத்து. அந்த எண்ணை நம்பி அவள் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் போட்டதைச் சரிபார்த்தவளும் நான்தான் — நான் எழுதியதை மட்டும் திரும்பப் பார்க்கவில்லை.

ஏழு என்று வைத்துப் போட்டால், புள்ளி இப்போது இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது.

கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? இப்படியும் எனக்குத் தோன்றியது. எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஹார்யன்னேயிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போர் நேரம். எத்தனையோ பேர் செத்தாங்க. இதைப் போய் இப்பக் கிளறணுமா?"

"ஐலி சாகலையே, ஐயா."

அக்டோபர் 10, வியாழன்

ஐலி ஆற்றங்கரைச் சந்தையில் மீன் விற்கிறாள். கூட்டம் குறையட்டும் என்று நின்றேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் மீன் வெட்டும் கத்தியை நிறுத்தவில்லை.

"ஆறு வருசம், ஹெல்வி. எனக்குக் கணக்கு வராதுன்னு நானே நம்பிட்டேன். பொண்ணு கணக்கு சொல்லிக் குடுன்னு வந்தா, அப்பாகிட்டப் போடின்னு துரத்துவேன். அவரு போர்லேருந்து திரும்பி வரலை. அதுக்கப்புறமும் சொல்லிக் குடுக்கலை."

மன்னித்துவிடு என்றேன்.

"மீன் வேணுமா? இல்லேன்னா நகரு. பின்னால ஆள் நிக்குது."

அரைக்கிலோ வாங்கி வந்தேன். சமைக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

தேவாலயத்துக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என்னத்தைப் பாடுவது!

அக்டோபர் 16, புதன்

ஐலி வந்தாள்! கையில் மீன் வாடை போகவில்லை. ஹார்யன்னே எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார், வேலைக்குத் திரும்பச் சொன்னார்.

"வேலையை அப்புறம் பேசலாம். தாளைக் காட்டுங்க."

அந்த ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. தன் பழைய மேசையிலிருந்த பெட்டிகளைத் தானே இறக்கி வைத்தாள். "அட்டவணையை நானே எடுத்தெழுதிக்கறேன்" என்றாள், பொதுவாக, சுவரைப் பார்த்து.

அக்டோபர் 24, வியாழன்

சந்தை முடிந்ததும் தினமும் வந்து, இன்று கணக்கை முடித்துவிட்டாள். சிறுகோளின் முழுப் பாதையும் கிடைத்துவிட்டது. இனி இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஹார்யன்னே தானே பார்ப்பதாகக் கை நீட்டினார்.

ஐலி அவரிடம் கொடுக்கவில்லை. என் மேசைக்கு வந்து கணக்குத் தாள்களை வைத்தாள்.

"முதல் தாள்லேருந்து பாரு."

மாலைவரை பார்த்தேன். ஒரு பிழை இல்லை. அடியில் என் பெயரை எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.