வார்னிஷ் காயும் வரை

அன்புள்ள மாமாவுக்கு,

பாதி ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டில் இந்நேரம் ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பீர்கள். போனில் பேச்செடுத்தாலே, "மொதல்ல புள்ளைய ஹாஸ்டல்ல சேத்துவிடு" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். இன்றைக்குத் தூக்கம் வராதது கவலையால் மட்டுமல்ல, சந்தோஷத்தாலும்தான்!

நம் மகள் யுவஸ்ரீயின் கையில் போட்ட மாவுக்கட்டை நாளைக்குப் பிரிக்கிறார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம்.

அந்தியூர் குதிரைச் சந்தையில் யாரையும் கேட்காமல் குதிரைமேல் ஏறி விழுந்தாளே, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "திமிர் புடிச்ச புள்ளை" என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரம்ஷா வந்தாள். என்னோடு விலங்கியல் படித்தவள், இப்போது மூளை ஆராய்ச்சியில் இருக்கிறாள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் நம்மை நிதானிக்க வைக்கிறதாம். அது முழுதாக விளைய இருபத்தைந்து வயதுகூட ஆகுமாம். நம்மவளுடைய பதினான்கு வயதில் அங்கே பெரிய வேலையே நடக்கிறது! பயன்படாத இணைப்புகள் உதிர்கின்றன. பயன்படுகிற நரம்பிழைகள்மேல் மெல்லிய உறை ஏறுகிறது. உறை ஏற ஏறத்தான் சேதி வேகமாக ஓடும்.

எனக்கு உடனே சிங்காநல்லூரில் நீங்கள் வைத்திருந்த மோட்டார் பட்டறை நினைவுக்கு வந்தது. செம்புக் கம்பியைச் சுற்றி வார்னிஷில் முக்கி எடுத்தால், காயும்வரை யாரையும் கரண்ட் கொடுக்க விடமாட்டீர்களே. காயாத மோட்டாரைக் கெட்ட மோட்டார் என்று என்றைக்காவது சொன்னீர்களா?

நம் கல்யாணத்தில் எனக்குப் பத்தொன்பது, உங்களுக்கு இருபத்துமூன்று. ரம்ஷா கணக்குப்படி இரண்டு பேருக்குமே வேலை முடிந்திருக்கவில்லை. சிரிக்காதீர்கள்.

ரம்ஷா வந்துபோன மறுநாள் யுவஸ்ரீயைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "குதிர கோவத்துல காதைப் பின்னால மடக்கிட்டு நின்னுச்சுங்கம்மா. ஏறக்கூடாதுன்னு தெரியும். கூட வந்த என் ஃப்ரெண்டு லாஸ்யா 'பயந்தாங்கொள்ளி'ன்னுட்டா. அப்புறம் எப்படி ஏறுனேன்னே தெரியலீங்க" என்று அழுதாள். புத்தி இருக்கிறது மாமா! கூட்டாளிகள் பார்க்கும்போதுதான் பிந்திப்போகிறது. அடுத்த முறை என்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள் என்று சொல்லிவைத்தேன்.

இன்று சாயங்காலம் லாஸ்யா தன் அக்காவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து, காரமடை வரைக்கும் ஒரு ரவுண்டு போகலாம் என்று இவளைக் கூப்பிட்டாள். நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யுவஸ்ரீ, "எங்கம்மா தோலை உரிச்சுப்போடும், நா வரலடி. நீயும் வண்டிய வெச்சுட்டு வா" என்றாள். என்னை ராட்சசி ஆக்கிவிட்டாள். எனக்கோ துள்ளிக்குதிக்க வேண்டும்போல் இருந்தது!

ஹாஸ்டலில் முந்நூறு பேரும் இவள் வயதுப் பிள்ளைகள். அங்கே ராத்திரி யாராவது 'பயந்தாங்கொள்ளி' என்றால், பழிபோட நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். வரும் திங்கட்கிழமை உங்கள் அக்கா பெருந்துறையிலிருந்து, ஹாஸ்டலில் சேர்க்க அவளை அழைத்துப்போக வருகிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் எனக்குப் பதில் போடுங்கள்.

உங்கள்
கயல்விழி