பொட்டு வைத்த கம்பு

என் முத்துப்பேச்சி மதினிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உனக்கு அப்படி எழுத வழியில்லை. அதனால் என் நலத்தை மட்டும் சொல்கிறேன். முழங்கால் வலி, தொண்டைக் கட்டு, விசில் ஊதி ஊதி உதட்டில் வெடிப்பு. பி.டி. டீச்சர் ஆகிவிட்டால் ராணி மாதிரி இருக்கலாம் என்று நீதானே சொன்னாய்? வந்து பார், ராணி படும் பாட்டை.

வாக்கப்பட்டது திருச்சுழி, வேலை அருப்புக்கோட்டை. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் பயணம். வருஷம் முழுக்க ஒரு பிள்ளையை வெயிலில் ஓடவிட்டுத் தயார் செய்வேன். அவள் பெரியமனுஷி ஆனதும் அவள் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். "போதும் டீச்சர், இனிமே ஓட வேணாம்." மறுபடி ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுத்துப்போகிறது மதினி. யாரிடம்தான் சண்டை போடுவது?

நல்ல சேதியும் உண்டு. இந்த வருஷம் ஜில்லாப் போட்டியில் ஆம்பளைப் பிள்ளைகள் ஓடும் அதே மைதானத்தில், அதே நாளில், பெண்களும் ஓடப்போகிறார்கள். குண்டு எறிதல்கூட உண்டு. மறைப்பு கிடையாது. உனக்குச் சிரிப்பு வருகிறதா?

நம் தாலுகாவில் பெண்பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தொடர் ஓட்டம் வைத்தபோது, ஆம்பளைகள் கண்ணில் படக்கூடாதென்று மைதானத்தைச் சுற்றிப் பருத்திச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்கள். சாக்கெல்லாம் உன்னைப் பெற்ற மாமாவின் கமிஷன் கடையிலிருந்து வந்தவை. காற்று அடித்ததும் சாக்கெல்லாம் மேலே போய்விட்டன. வெளியே நின்ற ஊர் மொத்தமும் பார்க்க, தாவணியை இறுக்கிச் சொருகிக்கொண்டு ஓடினோம்.

சாக்குக் கொடுத்த மாமா கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஜெயிச்சா முத்துப்பேச்சி பதினொண்ணாம் வகுப்பு வரைக்கும் படிச்சுப் பள்ளிக்கூடத்த முடிக்கட்டும். இல்லேன்னா பாலவனத்தத்து மாப்பிள்ளைய நான் விடமாட்டேன்."

அதற்காக எப்படிப் பழகினோம்! கையில் கொடுத்து வாங்கப் காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டோம். நீ இடது கையில் கொண்டுவந்து என் வலது கையில் தரவேண்டும். விளையாட்டுக் குச்சிதானே என்று நீயும் கூசாமல் இடக்கையால் தந்தாய். ஒருநாளும் தவறியதில்லை. போட்டிக்கு முதல்நாள் பள்ளிக்கூடத்தில் நிஜக் கம்பைக் கொடுத்தார்கள். நீ அதை வீட்டுக்குக் கொண்டுபோனாய்.

அதுவரைக்கும் நீ ஓடுவதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகப் பேசாத உன் அம்மா, என் அத்தை, விடியற்காலையில் தலைக்குக் குளித்து, அந்தக் கம்பை அம்மன் கோவிலுக்கு எடுத்துப்போனார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூசை செய்து உன் கையில் கொடுத்தார். நம் வீடுகளில் தராசுக்கும் படிக்கும் பொட்டு வைப்பது போல அதற்கும் வைத்தார். பெற்ற மனசு அல்லவா?

நீ எல்லோருக்கும் முன்னால் வந்தாய். நான் வலது கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். அந்த நேரத்தில் சாமி கும்பிட்ட கம்பை இடது கையால் கொடுக்க உனக்குக் கை வரவில்லை. சட்டென்று வலது கைக்கு மாற்றினாய். வேர்வையும் குங்குமமும் சேர்ந்து வழுக்கிக் கம்பு கீழே விழுந்தது. எடுத்து ஓடினேன். ஆனால் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தோம்.

பள்ளிக்கூடத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே சொன்னாய். "ஏ புள்ள, அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. ஆசையா வச்ச பொட்டு. தெரிஞ்சா நொறுங்கிப் போகும். சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

கை தவறிவிட்டது என்று வீட்டில் நீயே சொல்லிக்கொண்டாய். கல்யாணமாகிப் பாலவனத்தம் போனாய். தனத்தைப் பெற்றாய். அவள் நடக்கப் பழகும் முன்பே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தனத்தை வளர்ப்பது அத்தைதான்.

தனம் இப்போது என் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். ஓடும்போது உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். தொடர் ஓட்டத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தேன். அத்தை ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"அம்மனுக்குப் பூசை பண்ணித்தான கம்பக் குடுத்தேன்? அப்பிடியும் கீழ விழுந்துச்சுன்னா என்ன அர்த்தம்? பொம்பளப் பிள்ள ஓடுறது அந்த ஆத்தாளுக்கே ஆகல. அதான் எம்மகளையும் எடுத்துக்கிட்டா. பேத்தியவும் குடுக்கமாட்டேன்."

இத்தனை வருஷமாக இப்படி ஒரு நினைப்போடு இருந்திருக்கிறார் மதினி. எனக்குத் தெரியவே இல்லை. கெஞ்சினேன், தனம் அழுதாள், அத்தை மசியவில்லை. பெயர் கொடுக்கும் கடைசி நாளும் நெருங்கிவிட்டது. சத்தியத்தைக் காப்பதா, உன் மகளை ஓடவிடுவதா? உன்னைக் கேட்டுச் செய்ய வழியில்லையே.

சொல்லிவிட்டேன்.

"அத்தை, ஆத்தா ஒண்ணும் கோவிக்கல. நீங்க பொட்டு வச்சதால மதினிக்கு இடக்கையால குடுக்க மனசு வரல. கையை மாத்துனாக, விழுந்துருச்சு. அம்புட்டுத்தான்."

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். உங்க மனசு நோகும்னு சொல்ல வேணாம்னுட்டாக."

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சுளகு உளுந்தில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, தப்பு எம்மேல, பிள்ள மேல இல்லன்னு ஒம் மாமா கால்ல விழுந்தாச்சும் அந்தக் கல்யாணத்தத் தள்ளிப்போட்டிருப்பனேடி. அம்மா நோகக்கூடாதுன்னு நெனச்சவ, அம்மா நமக்காகப் பேசுவான்னு நெனைக்கலையே."

நானும் அப்படி நினைக்கவில்லையே மதினி. ஓடும் பிள்ளைகளுக்கு எதிரிகள் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நாம் இருவருமே முடிவு கட்டிவிட்டோம், இல்லையா?

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "தனத்தக் கூட்டிட்டுப் போ. கம்ப மட்டும் என் கண்ணுல காட்டாத."

பெயர் கொடுத்துவிட்டேன். ஜெயிப்பாளா என்று தெரியாது. விருதுநகர்ப் பிள்ளைகள் நல்ல வேகம். எனக்கு உடம்பும் மனசும் ஓய்ந்து கிடக்கின்றன, பொய்யாக நம்பிக்கை ஊட்டத் தெம்பில்லை.

பழைய சத்தியத்தை மீறிவிட்டேன், கோபப்பட்டால் பட்டுக்கொள். வேறொரு சத்தியம் தருகிறேன். உன் மகள் கடைசியாக ஓடி வந்தாலும் பதினொண்ணாம் வகுப்பு முடிப்பாள். ஜெயித்தால்தான் படிப்பு என்று எவர் வாய் திறந்தாலும், முதலில் அத்தை பேசுவார், அப்புறம் நான் பேசுவேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் மகள்,
சின்னத்தாயி