கட்டாக் கருவாட்டுக்கு ஒரு பை

2025 ஏப்ரல் 12, மூதூர்
சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. கருவாடு காயவைக்கும் கூடாரத்துக்கு மேலே விரிக்க, வெயில் தாங்கும் மருந்து கலந்த பொலித்தீன்தான் வேண்டும், ஓரத்தில் ‘யூவி’ என்று அடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள் என்று துண்டில் எழுதியே கொடுத்தேன். என் மனிசன் லாபிர் திருகோணமலை வரை பஸ்ஸில் போய், கட்டட வேலைக்கு விரிக்கும் பொலித்தீனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்.

“விரலால நெரிச்சுப் பாத்தனான். எவ்வளவு தடிப்பு! கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு.”

தடிப்பு! தடிப்பைப் பார்த்தா வெயில் விலகிப் போகும்? என் தங்கச்சி அசனாவும், எங்களோடு கருவாடு போடும் ஸஹ்ராவும் அதற்குள் ஆணி அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். விட்டுவிட்டேன். விட்டிருக்கக்கூடாது.

ஏப்ரல் 20
கண்டிக் கடைக்காரர் சம்மதித்துவிட்டார். ஆகஸ்டில் ஐம்பது கிலோ கட்டா மீன் கருவாடு. பிடித்தால் மாதாமாதம் எடுப்பாராம். நாங்கள் மூன்று பெண்களும் இனிக் கடற்கரையில் பாய் விரித்து, காகத்துக்கும் நாய்க்கும் காவல் நிற்கத் தேவையில்லை.

ஜூலை 30
கூரைப் பொலித்தீன் வெடித்துவிட்டது. மஞ்சளாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று மத்தியானம் ஒரு அடி அடித்தது, கூரை பாதி பறந்தது. பன்னிரண்டு கிலோ மீனிலும் மண்.

எல்லாருக்கும் முன்னால் லாபிரைப் பார்த்துக் கத்தினேன். “கேட்டீங்களா என்ட சொல்ல? எழுதித் தந்தும் வாசிக்க ஏலாதா? வலை இழுக்கிற ஆளுக்குப் பொலித்தீனப் பத்தி என்ன தெரியும்?”

அவர் கிழிசலைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அசனா சிரிப்பை அடக்கினாள். சிரிக்கட்டும். எனக்கு ஆறவில்லை.

ஆகஸ்ட் 2
திருகோணமலைக்கு நானே போனேன். பாரம் தூக்க லாபிர் கூட வந்தார். கடைக்காரர் பாக்கியரத்தினம் சரியான பொலித்தீனை எடுத்துத் தந்தார், ஓரத்தில் எழுத்தும் இருந்தது. பார்த்தீங்களா என்று லாபிருக்குக் காட்டினேன்.

அங்கேயே கருவாடு போடப் பைகளும் எடுத்தேன். இரண்டு வகை. ஒன்று மென்மையானது, இழுத்தால் றப்பர் மாதிரி நீள்கிறது. மற்றது சரசரவென்று விறைப்பு, இழுத்தால் அசையவில்லை. விறைப்பானதை எடுத்தேன்.

“எல்லாம் பொலித்தீன்தான் தங்கச்சி, ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு வேலைக்கு. என்ன போடப் போறீங்கள்?” என்றார் பாக்கியரத்தினம்.

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

“ஒருக்காக் கேட்டுப் பாரன்,” என்றார் லாபிர்.

“நீங்க கதைக்காதீங்க.”

ஆகஸ்ட் 17
ஐம்பது கிலோவும் கண்டிக்குப் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 24
பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன.

கட்டாவின் முதுகுச் செட்டை முள் பைகளைக் குத்தியிருக்கிறது. குத்திய இடத்திலிருந்து அப்படியே நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. ஈரம் ஏறி, பூஞ்சணம் பிடித்து — மூக்கை வைக்க முடியவில்லை. இழுபடும் பை என்றால் முள்ளுக்கு வளைந்து கொடுத்திருக்கும். இப்போது தெரிகிறது. இப்போது தெரிந்து என்ன?

அசனா கேட்டாள்: “இதுவும் மச்சான்ட வேலையா ராத்தா?”

நான் வாயைத் திறப்பதற்குள் லாபிர் சொன்னார், “ஓம், பை நான்தான் எடுத்தனான்.”

நான் பேசாமல் நின்றேன்.

ஆகஸ்ட் 25
யார் கேட்டது இவரை? என் பிழையைத் தூக்கித் தலையில் வைக்கச் சொல்லி நான் கேட்டேனா? கத்தியிருந்தால் நானும் திரும்பிக் கத்தியிருப்பேன். பிளேன்ரீ கேட்கிறார், குடிக்கிறார், போகிறார். பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 28
அவர் மீன் கொண்டுவந்து இறக்கினார். ஸஹ்ரா முகத்துக்கு நேரே சொன்னாள்: “உங்கட கை பட்டாலே எங்களுக்கு நட்டம் நானா. இனி இந்தப் பக்கம் வராதீங்க.” வெறும் கூடையை எடுத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை. சீ, என்ன மனிசி நான்?

ஆகஸ்ட் 29
சொல்லிவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் நின்று, “பைய எடுத்தது நான். கடைக்காரர் கேட்டவர், இவரும் சொன்னவர், நான்தான் கேக்கல்ல.”

அசனா கத்தியை வைத்தாள். “அப்ப அண்டைக்கு ஏன் ராத்தா சும்மா நிண்டீங்க? மச்சான மட்டும் எங்களுக்கு முன்னால அவ்வளவு ஏசினீங்களே?”

நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மீன் வெட்ட உட்கார்ந்தேன்.

செப்டெம்பர் 6
கண்டிக்காரர் பத்துக் கிலோ மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். புதுப் பைகள் வந்துவிட்டன. செட்டை முள்ளால் அழுத்திக் குத்திப் பார்த்தேன். நீண்டது, கிழியவில்லை. நல்ல பை.

ஸஹ்ராவும் லாபிரும் போய் வாங்கி வந்தார்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.